கேப்டன் கண்ணுக்கு விட்ட சொட்டு

1896 மார்ச் 2, திங்கள்

காலையில் பனி. பத்து மணிக்கே சுள்ளென்று வெயில். கல் அரைக்கும் மில் பக்கமிருந்து வெள்ளைத் தூசி. கொடியில் போட்ட வேட்டி மாவில் புரட்டியது போல் ஆகிவிட்டது.

சுரங்க ஆஸ்பத்திரியில்: கண் நோய் பதினொன்று. விரல் நசுங்கியது இரண்டு. பேதி நான்கு. பொய் வயிற்றுவலி ஒன்று. வார்டு ஆள் குப்பனே காட்டிக் கொடுத்தான்: "வவுத்துவலியும் இல்ல, ஒரு எழவும் இல்ல கம்பவுண்டரய்யா. நேத்து மச்சினன் கல்யாணம்."

வாங்க வேண்டியது: கார்க்கு, விளக்குத் திரி, எஸ்தருக்கு ஒரு சீப்பு.

நவம்பருக்குப் பிறகு இன்றுதான் நோட்டில் எழுதுகிறேன். காரணம், இன்று தங்கை எஸ்தர் தானாக வந்து பேசினாள். மத்தியானம் வீட்டு வாசலில் நாயை மடியில் அமுக்கி உட்கார்ந்திருந்தாள். "அண்ணா, இதுக்குக் கண்ணு தொறக்க மாட்டேங்குது." அவ்வளவுதான். நான்கு மாதமாகக் கேட்டதற்குத் தலையாட்டல் மட்டுமே. இன்று எஸ்தர் பேசியது: ஐந்து வார்த்தை.

நாய் அவள் புருஷன் யாக்கோபு மச்சான் வளர்த்தது. பேத்தமங்களா ஏரிக்கரையில் குட்டியாகக் கிடந்ததைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு வந்தார். குட்டியிலேயே சுரங்கத்துக் கேப்டன் துரை மாதிரி எல்லாரையும் பார்த்துக் கத்துமாம், அதனால் பெயர் கேப்டன். துரைமார் பக்கத்தில் இருந்தால் மட்டும் "டேய்" என்று கூப்பிடுவார்.

நவம்பரில் மச்சான் சுரங்கத்தில் கீழே போனவர் உயிரோடு வரவில்லை. அவர் ஷிப்டு மேலே வரும் நேரம் இரண்டு மணி. இன்றும் இரண்டு மணிச் சங்கு ஊதினால் கேப்டன் எழுந்து போகும். லைன் வீடுகளைக் கடந்து, கல் டிரக் வண்டி போகும் தண்டவாளத்தைத் தாண்டி, சுரங்கத்து ஷாப்ட் வாய் வரைக்கும். ஆட்களை மேலே தூக்கிவரும் கேஜிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு ஆளையும் பார்க்கும். கடைசி ஆள் போனதும் திரும்பி வரும். எஸ்தர் வாசலில் நின்று அது தனியாக வருவதைப் பார்ப்பாள். பிறகுதான் அவளுக்குச் சோறு.

மார்ச் 3, செவ்வாய்

காற்று. தகரக் கூரை ஆணி ஒன்று கழன்று தடதட.

சனிக்கிழமை சாயங்காலம் மீந்த கண் மருந்தையெல்லாம் கொட்டிவிட வேண்டும் என்பது டாக்டர் துரை உத்தரவு. போன சனி கொட்டாமல் விட்டது இருந்தது, எடுத்து வந்தேன். திருட்டு என்று சொல்ல முடியாது. முடியும் என்றால் சொல்லிக்கொள்ளட்டும்.

போரிக் தண்ணீர் வெதுவெதுப்பாக, பஞ்சில் தொட்டு. இரண்டு கண்ணும் மஞ்சள் பீளையில் ஒட்டிக் கிடந்தது. எஸ்தர் வாயைப் பிடித்தாள், நான் துடைத்தேன். கால் மணி நேரம் பிடித்தது. மனுஷனாக இருந்தால் "மேலே பாரு, கீழே பாரு" என்று சொல்லலாம். இது என் மூக்கையே பார்க்கிறது. பிறகு துத்தநாகச் சொட்டு, பெரிய ஆளுக்கு விடும் அளவு. உதறிய உதறலில் பாதி மருந்து என் சட்டையில்.

சீப்பு மறந்துவிட்டேன்.

மார்ச் 5, வியாழன்

பக்கத்து வீட்டு முனியம்மா கைக்குழந்தைக்காரி. இன்று பாலாடையில் தாய்ப்பால் பீய்ச்சி எடுத்துக்கொண்டு வந்தாள். கண்ணுக்கு அதைவிட மருந்து இல்லையாம். "நாய்க்கா?" என்றேன்.

"வாயில்லா ஜீவன் தானே. எம்புள்ள குடிச்ச மீதி. உங்க பாட்டில் மருந்து மூணு நாளா இன்னா கிழிச்சுது?"

கேப்டன் தலையைப் பிடித்துக்கொண்டேன். விட்டாள். கேப்டன் கன்னத்தில் வழிந்ததை நக்கிக்கொண்டது. எஸ்தர் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டை மடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கும்போது சின்ன வயதிலிருந்தே அவளுக்கு அந்தப் பழக்கம்.

கண் அப்படியேதான் இருக்கிறது. எஸ்தர் பேசியது: பன்னிரண்டு வார்த்தை, அதில் எட்டு நாயிடம்.

மார்ச் 7, சனி

நோயாளிகள் குறைவு. சம்பள வாரம், யாரும் சிக் ஆக மாட்டார்கள்.

சாயங்காலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இடது கண் தேவலை. வலது கண் கருவிழியில் வெள்ளைப் புள்ளி, கடுகளவு. புண். தூசி குத்தியிருக்கும், அதுவும் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. விட்டால் கண் போய்விடும். இதற்கு என்ன மருந்து என்று எனக்கு நன்றாகத் தெரியும். அட்ரோபின் சொட்டு. கண் பாப்பாவை விரியவைத்து வலியை அடக்கும், புண் ஆற இடம் கொடுக்கும்.

பாட்டிலை எடுத்தேன். திரும்ப வைத்துவிட்டேன்.

எழுதிவிடுகிறேன். யாரிடமும் சொன்னதில்லை.

நவம்பரில் மச்சான் இரண்டு கண்ணிலும் கல் தூள் விழுந்து வந்தார். கருவிழியில் சின்னக் கீறல். இதே அ. சொட்டு விட்டேன். "மச்சான், டாக்டர்கிட்ட சொல்லி ரெண்டு நாள் சிக் சீட்டு வாங்கிக் குடேன்" என்றார். இந்தச் சொட்டு விட்டவன் இரண்டு மூன்று நாள் இருட்டறையில் கிடக்க வேண்டும். வெளிச்சம் கூசும், கிட்டத்தில் இருப்பது மங்கும். எவனோ ஒருவனாக இருந்தால் சீட்டு கேட்டு வாங்கியிருப்பேன். தங்கை புருஷன் ஆயிற்றே. அந்த மாதம்தான் ஆஸ்பத்திரி வரிசையில் ஒருவன், கம்பவுண்டர் சொந்தக்காரனுக்கு மட்டும் சீட்டு மழையாகக் கொட்டுது என்று பேசினான். எனக்கு ரோஷம். "கீழ இருட்டுதானே மச்சான், கண்ணு கூசாது. பழகின வழிதானே, போ" என்றேன்.

வெளிச்சம் கூசாது, சரி. கிட்டத்தில் இருப்பது தெரியாது என்பதைச் சொல்லவில்லை. மறுநாள் காலை ஷிப்டில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், முந்தின ஷிப்டு வெடிமருந்து வைத்து வெடிக்காமல் தங்கிப் போன குழியில் அவர் துளைக்கம்பி பட்டது, வெடித்தது.

அதனால்தானா? இரண்டு கண்ணும் சரியாக இருந்தவர்களும் அப்படிச் செத்திருக்கிறார்கள். அதை ஆயிரம் தரம் சொல்லிக்கொண்டாயிற்று. எஸ்தருக்குத் தெரியாது. நான் மருந்து விட்டேன் என்று மட்டும் தெரியும். தன் புருஷனுக்கு அண்ணன் நல்லது செய்தான் என்று நினைத்துக்கொண்டு என் வீட்டில் சமைத்துப் போடுகிறாள்.

மார்ச் 8, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. லெந்து நோன்பு நாளில் போகாமல் இருந்ததற்கு உபதேசியார் நாளை ஆஸ்பத்திரிக்கே வந்து கேட்பார்.

அ. சொட்டு விட்டேன், ஒரே சொட்டு. பத்து நிமிடத்தில் கேப்டன் வாயில் நுரை, நூல் நூலாக எச்சில். தலையை உதறிக்கொண்டு சுவரைச் சுற்றிச் சுற்றி ஓடியது. எஸ்தர் "அண்ணா! அண்ணா!" என்று அலறினாள். விஷம் ஏறிவிட்டது என்றே நினைத்தேன். பிறகு புத்தியில் பட்டது. கண்ணில் விட்ட மருந்து மூக்கு வழியாகத் தொண்டைக்கு இறங்குகிறது. கசப்பு. மனுஷன் காறித் துப்புவான், இது என்ன செய்யும்? வாயில் தண்ணீர் ஊற்றினேன். அடங்கிவிட்டது.

கட்டுப்போட நல்ல துணி இல்லை. எஸ்தர் பெட்டியைத் திறந்து மச்சானின் நீலச் சட்டையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு தானே பல்லால் கடித்துக் கிழித்தாள்.

கண்ணைக் கட்டி, கட்டில் காலில் கயிறு போட்டு, ஜன்னலுக்குச் சாக்கு மாட்டினோம். ஆஸ்பத்திரி இருட்டறை எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது.

மார்ச் 10, செவ்வாய்

வெயில் கடுமை. டா. துரைக்குச் சளி, எல்லார் மேலும் எரிந்து விழுந்தார்.

இரண்டு மணிச் சங்குதான் கஷ்டம். நோயாளியிடம் "ரெண்டு நாள் சும்மா படுத்துக் கிட" என்று சொல்லலாம். கேப்டனுக்கு அதை எந்தப் பாஷையில் சொல்வது? சங்கு ஊதினதும் கயிறு இறுகும் அளவுக்கு இழுக்குமாம், ஊளையிடுமாம். எஸ்தர் இரண்டு கையாலும் கட்டிப் பிடித்து உட்கார்ந்துகொள்கிறாளாம். ஷிப்டு ஆட்கள் எல்லாரும் வீடு போய்ச் சேரும் வரை.

இதை அவளே சொன்னாள், முழுசாக. கையை ஆட்டி ஆட்டி. எண்ண முடியவில்லை, அறுபது எழுபது வார்த்தை இருக்கும்.

குப்பன் விஷயத்தை மோப்பம் பிடித்துவிட்டான். "இன்னா கம்பவுண்டரய்யா, உங்க வூட்ல ஒரு சிக் கேப்டன் கீறாராமே. அவருக்கு மட்டும் சீட்டு உண்டா?" விளையாட்டாகத்தான் கேட்டான். நான் மருந்து அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

புண் சிறுத்திருக்கிறது. கடுகு இப்போது கசகசா. மனுஷ மருந்து நாய்க்குப் பலிக்கிறது.

கட்டு மாற்றும்போது கொஞ்சம் நடக்கவிட்டோம். இடது கண்ணிலும் சின்னக் கீறல் தெரிந்ததால் அதற்கும் நேற்று அ. சொட்டு விட்டிருந்தேன். இரண்டு கண்ணிலும் பாப்பா வட்டமாக, கருப்பாக. கேப்டன் நேராகப் போய்த் தண்ணீர்க் குடத்தில் முட்டியது. திரும்பி, கதவு நிலையில் முட்டியது.

"இன்னாண்ணா, முட்டிகினு போவுது? புண்ணுதான் ஆறுதுன்னியே."

"மருந்து அப்படிதாம்மா. உட்டா நாலஞ்சு நாளைக்குக் கிட்ட இருக்கறது தெரியாது. வெளிச்சத்துக்குப் போனா ஒண்ணுமே தெரியாது. அப்புறம் தானா சரியாயிடும்."

மருந்து கொடுப்பவன் வாய். நூறு பேரிடம் சொன்ன பாடம் தானாக வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் யாரிடம் சொன்னேன் என்று உறைத்தது.

அவள் கேப்டனைத் தூக்கிச் சாக்கில் விட்டாள். கேழ்வரகு புடைக்கப் போனாள். ரொம்ப நேரம் புடைத்தாள்.

மார்ச் 14, சனி

ஒன்றும் நடக்கவில்லை. ஒன்றுமே. நான்தான் வீணாக நடுங்கிக்கொண்டிருந்தேன். எஸ்தர் எப்போதும் போல. சீப்பு வாங்கி வந்தேன், தலை வாரிக்கொண்டாள். முனியம்மாவின் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதற்குக் கேப்டன் காதைக் காட்டினாள். மூன்று பேருமாகச் சிரித்த சத்தம் தெருவரை கேட்டது.

முடிவு செய்துவிட்டேன். கேப்டன் கண் தெளிந்து, கயிறை அவிழ்த்து, அது பழையபடி ஷாப்டுக்குப் போய்வந்த அன்று எஸ்தரிடம் சொல்லிவிடுகிறேன். கண்ணைக் கொடுத்துவிட்டுச் சொன்னால் கொஞ்சமாவது தாங்குவாள். கணக்குப் பார்க்கிறேன் என்று தெரிகிறது. பார்க்கத்தான் பார்க்கிறேன்.

ஜன்னல் சாக்கில் மூட்டைப்பூச்சி. வெயிலில் போட வேண்டும்.

மார்ச் 16, திங்கள்

புள்ளி மறைந்தது! கண்ணாடி வைத்துப் பார்த்தேன், சுத்தம். கட்டை எடுத்துவிட்டேன். கடைசியாக ஒரு அ. சொட்டு, இரண்டு கண்ணிலும். இன்னும் நாலு நாள் கயிற்றில் இருந்தால் போதும், பாப்பா சுருங்கிவிடும். வெள்ளிக்கிழமை அவிழ்த்துவிடலாம் என்று எஸ்தரிடம் சொன்னேன்.

"வெள்ளிக்கெழம" என்றாள். தலையைத் தடவினாள், நாய் தலையைத்தான்.

வெள்ளிக்கிழமை சொல்ல வேண்டும்.

மார்ச் 17, செவ்வாய்

கேப்டன் செத்துவிட்டது.

இரண்டு மணிச் சங்கு ஊதியபோது நான் மருந்து கலந்துகொண்டிருந்தேன். இரண்டேகாலுக்குக் குப்பன் ஓடிவந்தான். "ஐயா, வாங்க. உங்க கேப்டன்." முகத்தில் விளையாட்டு இல்லை.

டிரக் தண்டவாளத்தில். கல் ஏற்றி மில்லுக்குப் போகிற டிரக். உச்சி வெயில், மில் மண் மேடு வெள்ளை வெளேரென்று கண்ணைக் குத்தியது, எனக்கே கூசியது. டிரக் தள்ளினவன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். "தெனமும் நான் வரத பாத்து நின்னு, நான் போன அப்பறம்தான் தாண்டும் சாமி. இன்னிக்கி நேரா வந்துச்சு. கத்தனேன். கல்லு லோடு, நிக்காது சாமி." அவன் மேல் தப்பே இல்லை. அதைச் சொன்னேன். அவன் அழுதுவிட்டான்.

கண்ணைத் திறந்து பார்த்தேன். பழக்கம். புண் இருந்த அடையாளமே இல்லை. பாப்பா மட்டும் அகலமாக.

சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தேன். எஸ்தர் வாசலில் நின்றாள், தினமும் நிற்கிற இடத்தில். கையில் கயிற்றின் ஒரு நுனி, மறு நுனி இன்னும் கட்டில் காலில்.

எஸ்தர் பேசியது: இல்லை.

மார்ச் 18, புதன்

லீவு கேட்டேன், முதல் தடவை. டா. துரை காரணம் கேட்டார். வீட்டில் சாவு என்றேன். கொடுத்துவிட்டார்.

கோரமண்டல் சுரங்கத்துக்குப் போகும் வழியில், புங்க மரத்தடியில் புதைத்தோம். மண் கெட்டி, கடப்பாரை வேண்டியிருந்தது. கிழிந்த நீலச் சட்டையின் மீதியை எஸ்தர் மேலே போட்டாள். முனியம்மா தூரத்தில் நின்று அழுதாள், குழந்தையும் சேர்ந்து அழுதது.

திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள். பற்றவைக்கவில்லை. என்னைப் பார்க்காமலே பேச ஆரம்பித்தாள். இதை அப்படியே எழுதி வைக்கிறேன், ஒரு வார்த்தை விடாமல்.

"நான்தாண்ணா அவுத்து வுட்டேன். சங்கு ஊதனதும் தொண்ட கிழியக் கத்துச்சு. என்னால தாங்கல. பழகின வழிதானே, கண்ணு இன்னாத்துக்குன்னு நெனச்சுட்டேன்."

பழகின வழிதானே. மச்சானிடம் நான் சொன்ன அதே சொல்.

"நீ ஏம்மா... நாந்தான் கயிற இன்னும் கெட்டியா..."

"இரு. நான் பேசிக்கிறேன். அவரு போய்ச் சேந்த அன்னிக்கிக் காலைல எழுந்துக்கல. கண்ணு மங்கலா கீது எஸ்தரு, கைரேகயே தெரியல, இன்னிக்கி நான் போவலன்னாரு. நான்தான் சொன்னேன். அண்ணனே போவச் சொன்னாருன்னா போங்க, எங்கண்ணனுக்குத் தெரியாதான்னேன். சோறு கட்டிக் குடுத்துத் தள்ளி வுட்டேன். நாலு மாசமா அத்தான் நெனச்சிகினு கீறேன். நான்தான் கொன்னேன்னு."

நான்கு மாதமாக அவள் வாய் திறக்காததற்குக் காரணம் இது. நான் துக்கம் என்று நினைத்தேன்.

பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். "அன்னிக்கிக் கேப்டனப் பத்திச் சொன்னியே, கிட்ட இருக்கறது தெரியாதுன்னு. அது அப்பவே உனக்குத் தெரியுமாண்ணா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். எங்கண்ணனுக்குத் தெரியாதா என்று சொன்னவள், எங்கண்ணனுக்குத் தெரியாது என்பதையும் நம்பியிருப்பாள்.

"தெரியும்" என்றேன்.

சீட்டு கேட்டதையும் சொன்னேன், நான் வாங்கித் தராததையும், ஏன் என்பதையும். அவள் அழவில்லை. உள்ளே போய்க் கட்டில் காலில் இருந்த கயிற்று முடிச்சை அவிழ்த்தாள். நகம் உடைந்தது. ஜன்னல் சாக்கையும் எடுத்துவிட்டாள். வீடெல்லாம் வெயில்.

மார்ச் 20, வெள்ளி

சொல்வதாக இருந்த நாள்.

கண் நோய் ஆறு. மூன்று பேருக்கு அ. சொட்டு. மூன்று பேருக்கும் நானே போய் நின்று சிக் சீட்டு கேட்டேன். டா. துரை மூக்கைச் சிந்திக்கொண்டு, "உனக்கு எல்லாரும் சொந்தக்காரர்களா?" என்றார். ஆமாம் என்றேன். கையெழுத்துப் போட்டார். வரிசையில் யாரோ ஏதோ முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

முனியம்மா வாசலில் நிறுத்தி, எஸ்தர் ஊருக்கு, பெரியம்மா வீட்டுக்குப் போகப் போகிறாளா என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. பெட்டி கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்திருக்கிறது. பூட்டவில்லை.

இரண்டு மணிச் சங்கு. நான் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்தேன். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். நானும் போனேன். ஷிப்டு ஆட்கள் போய் முடிகிற வரை நின்றோம், இரண்டு முழம் தள்ளித் தள்ளி.

பிறகு உள்ளே வந்து தட்டை வைத்தாள். களி, கீரை.

இன்று எஸ்தர் பேசியது: ஒரு வார்த்தை. "சாப்டு." அண்ணா என்று சேர்க்கவில்லை.